கொதிக்கும் இஞ்சினுக்கு ஒரு வாளித் தண்ணீர்

மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர் நின்றது.

கப்பார் லாரியின் பம்பர்மேல் ஏறி, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். நேற்று மாலைதான், மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதால் திறந்து கிடந்த எல்லாத் துளைகளையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, இஞ்சினைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டுப் போயிருந்தான். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. ரேடியேட்டரை என்றைக்கோ வடித்தாயிற்று. கொட்டகைக் கூரையில் ஒழுக்கு இல்லை. பிறகு இது எங்கிருந்து வந்தது? விரலை விட்டான். குளிர் எலும்புவரை ஏறியது. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் பொடி மணல் ஒட்டியிருந்தது. ஆற்று மணல்.

"எவன்டா பார்த்த வேலை இது?"

முற்றம் அதிரக் கத்தினான். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த கூமிஷ் திரும்பிப் பார்த்தாள். இறந்துபோன அவன் அண்ணன் சூயுனின் மனைவி. தலையில் இன்னும் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணி.

"எதுக்கு தம்பி இப்படிக் கத்துற?"

"இஞ்சின்ல தண்ணி ஊத்தியிருக்காங்க அண்ணி! யாரு வந்தா இங்க?"

"யாரும் வரல. நான் அந்த லாரிகிட்டயே போறதில்ல."

அவள் கையிலிருந்த புல்லைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் எரிச்சல் மூண்டது. வீட்டில் இருக்கும் புல் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கணவாய்க்கு அப்பால், மேல் மேய்ச்சல் நிலத்தில் போராகக் கிடக்கிறது. பனி விழுந்து கணவாய் அடைபடுவதற்குள் லாரி ஏறி அதைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் இந்த மாடுகள் வசந்தத்தைப் பார்க்கப் போவதில்லை. மாடு போனால் இந்த வீட்டுக்கு வேறென்ன இருக்கிறது?

எல்லாம் அவனால் வந்தது. சூயுனால்.

கணவாய் ஏற்றத்தில் பழைய லாரி மூச்சு வாங்கும். ரேடியேட்டர் ஆவி கக்கும். அப்போது நிறுத்தி, ஒரு சிகரெட் பிடிக்கும் நேரமாவது ஆறவிட வேண்டும். சூயுனுக்குப் பொறுமை கிடையாது. லாரிக்கடியில் கொக்கியில் தொங்கும் வாளியை எடுத்து ஓடுவான். ஆற்றின் பனித்தண்ணீரை மொண்டுவந்து, கொதிக்கிற இஞ்சினுக்குள் அப்படியே கவிழ்ப்பான். கப்பார் தலையில் அடித்துக்கொள்வான். "நில்லு அண்ணே, கொஞ்சம் நில்லு! ஹெட்டு வெடிச்சிரும்!" அண்ணன் சிரிப்பான். "நீ நின்னுக்கிட்டே இரு. நான் போய்க்கிட்டே இருக்கேன்."

கடைசியில் ஹெட் வெடிக்கத்தான் செய்தது. அடுத்த வாளிக்கு ஆற்றில் இறங்கியவன் பாறையில் வழுக்கி, தண்ணீரிலேயே கிடந்தான். மறுநாள் ஊரார் தூக்கியபோது வாளியின் கைப்பிடியை விட்டு அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். மேலே ரோட்டில் ரேடியேட்டர் மூடி திறந்தபடி லாரி நின்றது.

ஊரே அழுதது. கப்பாருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் தீரவில்லை. எதையும் பாதியில் விட்டுப் போவதுதானே அவன் வழக்கம். இப்போது பெண்டாட்டியையும் மாட்டையும் லாரியையும் பாதியில் விட்டுப் போய்விட்டான். மற்றவன் கிடந்து சாக வேண்டும்.

சிலிண்டரைத் துடைத்துவிட்டு லாரிக்கடியில் ஊர்ந்தான். அண்ணன் விரல்களிலிருந்து பிடுங்கிய வாளி, அன்று மாட்டியபடியே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பார்த்ததை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வாளியைப் பிடுங்கி, மதிலுக்கு வெளியே, தெரு வாய்க்காலில் விட்டெறிந்தான்.

"போ! தொலை!"

அன்று வியாழக்கிழமை. நரின் நகரத்தில் பழைய இரும்பு விற்பவனிடம் கெஞ்சி வாங்கிவந்த ஹெட் பலகைமேல் இருந்தது. இதுவும் போனால் இந்த ஜில்லாவில் வேறு கிடையாது. உள்ளே வால்வுத் தண்டு ஓடும் குழாய்கள் தேய்ந்திருந்ததால் அவற்றைத் தட்டிக் கழற்றியிருந்தான். புதுக் குழாய்கள் ஒரு டப்பாவில், வெளிக் குளிரில் சுருங்கிக்கொண்டிருந்தன. ஹெட்டை எண்ணெயில் சீராகக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் அவற்றை இறக்கிவிட வேண்டும். அவ்வளவு பெரிய ஹெட் கொள்ளும் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான், விருந்துக் கொப்பரை. எண்ணெயும் ஒன்றே ஒன்றுதான்: இறந்தவருக்காக வியாழக்கிழமைதோறும் போர்சோக் என்னும் மாவுத் துண்டுகள் பொரிக்க அண்ணி சேர்த்து வைத்திருந்த பருத்திக்கொட்டை எண்ணெய். இரண்டையும் கேட்காமல் எடுத்தான்.

முற்றத்தில் கொப்பரைக்கு அடியில் வறட்டி கனன்றது. மலைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வற்ற, எண்ணெய் மெல்ல நெளியத் தொடங்கியது. பிறகு வாசனை எழுந்தது. சாவு வீட்டில் ஒவ்வொரு வாரமும் எழும் அதே வாசனை, மதிலைத் தாண்டி, பாப்ளர் மரங்களைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் போயிற்று.

கதவு திறந்தது. கூமிஷ் மாவுக் கிண்ணத்தோடு கிட்டத்தட்ட ஓடிவந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத மலர்ச்சி.

"மனசு மாறிட்டியா தம்பி? அவருக்கு வாசம் எழுப்பவே மாட்டேன்னு அன்னிக்கு அப்படிக் குதிச்சியே..." கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "இது என்ன?"

"ஹெட்டு."

"வாசம் கிளம்பிருச்சே தம்பி. அவரைக் கூப்பிட்ட மாதிரிதானே? வர்றவருக்கு ஒண்ணும் வைக்கலைன்னா, எதுக்கு வந்தோம்னு தெரியாம நிப்பாரு. ஒரே ஒரு துண்டு போடு. ரெண்டு வார்த்தை ஓதிருவோம்."

"ஒரு துண்டும் கிடையாது! மாவு விழுந்தா எண்ணெய் பொங்கும். தள்ளுங்க."

"உங்க அண்ணன்டா!"

"அதுக்கு? வரட்டுமே! தண்ணி கொண்டாரேன்னு போனவன்தானே? கொண்டாந்து வேலையை முடிச்சிட்டுப் போகட்டும்!"

அவள் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று முதுகிலேயே தெரிந்தது. கதவுத் தாழ் விழும் சத்தம் கேட்டது.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. ஒரு துளி எச்சில் துப்பிப் பார்த்தான். துப்பாக்கி வெடித்ததுபோல் தெறித்தது. போதும். இரண்டு கைகளிலும் இரும்புக் கொக்கிகளை எடுத்து, ஹெட்டின் இரு முனைகளிலும் மாட்டி, கால்களை அகட்டி நின்று தூக்கினான். மெதுவாக. நழுவினால் எண்ணெய் முழுவதும் மேலேதான் வரும். மூச்சை அடக்கிக்கொண்டு, எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே நிறுத்தி வடியவிட்டான்.

அப்போது தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. நடக்கிறவன் கையில் ஆடும் வாளியின் கைப்பிடி இரும்பில் உரசுகிற கிரீச், கிரீச்.

பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறான். வேறென்ன?

சத்தம் வாசலில் நின்றது.

நாய் எழுந்தது. அந்நியர் நிழல் பட்டாலே சங்கிலியை அறுக்கும் நாய். இப்போது குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, குழைந்து, கேட்டை நோக்கி இழுத்தது.

"யாரு?"

ஈர பூட்ஸ் மண்ணில் பதியும் சத்தம். சளக். சளக்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கையை விட முடியாது. விட்டால் எண்ணெய். தீயின் வெளிச்சத்தில் மதில்மேல் அவன் நிழல் ஆடியது. பக்கத்தில் இன்னொன்று. ஒரு தோள் தாழ்ந்த நிழல். பாரம் தூக்குகிற தோள்.

குளிர் முதுகைத் தொட்டது. ஆற்றுப்பாசி வாடை. அதற்கடியில் மலிவான சிகரெட்.

"அண்ணி!" தாழிட்ட கதவு திறக்கவில்லை.

கோபப்படப் பார்த்தான். இத்தனை நாள் அவனைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கோபம்தான். தேடினான். இல்லை.

வலது தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நீலம் பாய்ந்த கை. நெம்பி எடுத்த விரல்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக வளைந்து, மறுபடியும் அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. வாளி தளும்பியது. பனிச்சில்லுகள் ஒன்றோடொன்று மோதின.

"ரொம்பச் சூடாயிருச்சே, தம்பி."

அதே குரல். அதே அவசரம்.

"அண்ணே... நில்லு. கொஞ்சம் நில்லு. இது இஞ்சின் இல்ல. எண்ணெய் அண்ணே. எண்ணெய்..."

காதோரம் ஈரமாக ஒரு சிரிப்பு.

"நீ நின்னுக்கிட்டே இரு."

இன்னொரு கை வாளியின் அடியைப் பிடித்தது. பனிச்சில்லுகள் விளிம்புக்கு நழுவி வந்தன. கொப்பரைக்கு நேர் மேலே, அவன் முகத்துக்கு நேர் முன்னே, வாளி சாய்ந்தது.