சூறை உதையின் இரண்டாம் தட்டு

பள்ளியின் நடைவாயில் மூன்றாவது நாளாக ஜெனிட்டாவுக்குத் திறக்கவில்லை. வாயிலுக்கு முன்னாலிருந்த தடத்தில் அவள் எட்டடி நடந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "குறைநடை. மருத்துவச் சான்று தேவை" என்றது வாயில்.

"பிள்ளைய ஒழுங்கா நடக்கச் சொல்லுங்க தாயி" என்றார் காவலாளி சுடலைமுத்து. "தூத்துக்குடியே ஒரே மாதிரி நடக்கு, இவளுக்கு மட்டும் என்ன தனி நடை?"

அவர் நடந்து காட்டினார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் குதிகால் இரண்டு முறை தரையைத் தட்டியது. டக்-டக். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே போகும்போது அவர்களும் அப்படித்தான் தட்டினார்கள்.

ஜெனிட்டாவின் தாய் பிலோமினா ஊன்றுகோலை இறுகப் பிடித்தாள். அந்தத் தட்டு அவளுடையது.

பதினெட்டு வருடங்களுக்கு முன், 'கடல்வேங்கை' என்ற சண்டை விளையாட்டின் நாயகிக்காக அவள் உடலிலிருந்துதான் சூறை உதையைப் பதிவு செய்தார்கள். காற்றில் இரண்டரைச் சுற்று, எதிரியின் தாடையில் உதை, பிறகு தரை. ஐம்பதாவது உதையில் குதிகால் தடுமாறி இருமுறை தட்டியது.

"சார், தப்பாயிட்டு. இன்னொரு தடவ எடுங்க" என்றாள்.

"அதுதாம்மா அழகு! அத வச்சே உன்னை அடையாளம் சொல்லுவாங்க" என்றார் இயக்குநர்.

ரசிகர்கள் அந்தத் தட்டைக் கொண்டாடினார்கள். சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

விளையாட்டின் ஐந்தாம் பாகத்தோடு தசைப்பட்டை வந்தது. அதைத் தொடையில் கட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்தால், பதிவான நரம்புச் சைகைகளை அது காலில் எழுதிவிடும். பயிற்சியே வேண்டாம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் கழித்தவர்களும் சூறை உதை உதைத்தார்கள்; உதையோடு அந்தத் தட்டும் அவர்கள் நடையில் ஏறியது. சங்கிலி பறிப்பவர்கள் தொழிலை விட்டார்கள். பெண்களுக்கு அரசே இலவசமாகப் பட்டை கட்டிவிட்டது.

அன்று குதிகால் தடுமாறியது, தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரக்கூடிய ஒரு நரம்பு நோயின் தொடக்கம் என்று பிலோமினாவுக்குத் தெரிந்தபோது, அந்த உதை மூன்று கோடிக் கால்களில் ஏறியிருந்தது. நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. தன் மகளின் காலில் மட்டும் பட்டை படாமல் பார்த்துக்கொண்டாள்.

வாயில் மூன்றாம் முறை திருப்பி அனுப்பிய அன்றே மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். "முதல்ல என்னப் பாருங்க" என்று தானே நடைமானியில் ஏறினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"இயல்பு" என்றார் டாக்டர் இசக்கியம்மாள்.

"கால் இப்படி நடுங்குது, இயல்பா? இந்தப் பழைய ரிப்போர்ட்டப் பாருங்க டாக்டர்."

"அந்த அளவுகோல மாத்தியாச்சும்மா. பத்துல ஒம்பது பேருக்கு இருக்குறத எப்படி நோய்னு எழுத முடியும்?" டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "உங்க பொண்ணுக்குத்தான் ஒரு தட்டு குறையுது. பட்டை கட்டிருவோம். திங்கக்கிழம பரீட்சைக்குப் போயிரலாம்."

"அவ கால்ல ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"அப்ப சான்றும் கிடைக்காது."

திரும்பும் வழியில் ஜெனிட்டாதான் பேசினாள்.

"எம்மா, எட்டடிதான? நடிச்சுட்டுப் போறேன்."

"மெஷின ஏமாத்த முடியுமாட்டி?"

"எங்க கணக்கு மிஸ்ஸையே ஏமாத்துதேன்."

நான்கு நாட்கள் கூடத்தில் நடந்து பழகினாள். முதல் நாள் கால் பின்னி விழுந்தாள். இரண்டாம் நாள் சுடலைமுத்துவைப் போலவே நடந்து தாயைச் சிரிக்க வைத்தாள்.

திங்கட்கிழமை பிலோமினா கம்பிவேலிக்கு வெளியே நின்றாள். ஜெனிட்டா புத்தகத்தை விரித்து, உதடுகளை அசைத்துப் படித்துக்கொண்டே தடத்தில் ஏறினாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது அடியில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

"சரியாயிட்டுது பாத்தியளா!" என்று சுடலைமுத்து கை தட்டினார்.

பிலோமினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேலியோரம் ஓடி வந்த மகளின் விரல்களைக் கம்பி வழியே பிடித்துக்கொண்டாள்.

"என்னமா நடிச்ச! எனக்கே வித்தியாசம் தெரியலட்டி."

"நடிச்சேனா?" ஜெனிட்டா புத்தகத்தை மூடினாள். "பரீட்சை நெனப்புல நடிக்கவே மறந்துட்டேம்மா. சும்மாதான் நடந்தேன்."

மணி அடித்தது. அவள் விரல்களை விடுவித்துக்கொண்டு, வலது குதிகால் டக்-டக் என்று தட்ட, வகுப்பை நோக்கி ஓடினாள்.