எட்டுப் பேர் மட்டும்

காலியாக இருந்த லிஃப்ட், தரைத்தளத்தின் மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே அமிழ்ந்து நின்றது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் ஆள் மிஞ்சிவிட்டால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணியும் விடாமல் கிணுகிணுத்தது.

"லீவு நாள், ஒருத்தரும் வரல," என்றார் காவலாளி. "ஆனா மத்தியானத்துலருந்து இது தானா மேல போயி, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, கதவத் தொறந்து மூடி, தொறந்து மூடி இறங்குது." சொன்னவர் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கிடம் மொட்டைமாடிச் சாவியை நீட்டிவிட்டு, வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மெக்கானிக்கோடு வந்திருந்தவன் அவனுடைய தங்கை புருஷன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வாய் மட்டும் ஓயாது. 'எட்டுப் பேர் மட்டும்' என்ற பலகையைப் படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், காத்து வரட்டும்," என்றான்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்டின் இரும்புத் தரை நடுவில் தொட்டில்போலக் குழிந்திருந்தது. பக்கத் தகடுகள் வெளிப்புறமாக உப்பியிருந்தன. பூட்டிவைத்த பெட்டிக்குள் துணியை அமுக்கித் திணித்தால் உப்புமே, அப்படி.

"நான் மேல போயி மோட்டாரப் பாக்கறேன். நீ உள்ள கால் வைக்காத மாப்ள."

"வைப்பனா மச்சான்? அப்புறம் உங்க தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

ஆறு மாடி ஏறி மோட்டார் அறையைத் திறந்தபோது, சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீளநீளமாகத் தரையில் போட்டிருக்க, காய்ந்த கிரீஸின் நெடிக்கு அடியில் வேறொரு வாடை, நெடுநேரம் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் வியர்வையும் ஈரத்துணியும் வாய்க்காற்றும் கலந்த வாடை, லிஃப்ட் குழியிலிருந்து வெதுவெதுப்பாக எழுந்து அவன் முகத்தில் அடித்தது. இரும்புக் கயிறுகள் முறுக்கேறி, யாரும் தொடாமலே முனகிக்கொண்டிருந்தன. விரலால் தடவிப் பார்த்தான். மெலிந்திருந்தன. அறுந்த இழைகள் முள்முள்ளாகக் குத்தின. இரும்பு இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பாது. அது அவன் கைக்குத் தெரிந்த சங்கதி. எல்லை தாண்டியாயிற்று. இவ்வளவு இழுக்க எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்தவன், அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டான்.

போன் அடித்தது.

"மச்சான்." மாப்பிள்ளையின் குரல் நசுங்கி வந்தது. பின்னால் மணி. "உள்ள வந்துட்டேன்."

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடா!"

"நானா வரல. பின்னாலருந்து தள்ளிட்டாங்க."

"யாரு?"

"தெரியல. கண்ணுக்கு யாரும் இல்ல. ஆனா நாலு பக்கமும் இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மூச்சு கழுத்துல படுது." சற்று நேரம் அவன் மூச்சுக்குத் திணறுவது மட்டும் கேட்டது. "மச்சான், இன்னும் ஏறுறாங்க."

மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ஓடினான். படிகள் சுழன்றன. சுவருக்கு அப்பால் குழிக்குள் தகடு நெளிந்தது. ஆணிகள் தெறித்தன. இரும்பின் முனகலுக்கு நடுவே ஒரு மனிதக் குரல். அது அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல் எதையும் சொல்லவில்லை.

தரைத்தளம். லிஃப்ட் கதவு மூடியிருந்தது. தலையணைபோல வெளியே புடைத்திருந்தது. கடப்பாரையைச் செருகி நெம்பினான். ஒரு பாதி கழன்று விழுந்தது.

மாப்பிள்ளை பின்சுவரோடு ஒட்டியிருந்தான். கால்கள் தரையைத் தொடவில்லை. கன்னம் தட்டையாகிப் பல்வரிசை வெளியே தெரிந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தம். அவனைச் சுற்றி வெறும் இடம். கண்கள் மட்டும் அசைந்தன.

"தள்ளிக்கச் சொல்லுங்க மச்சான்."

"தள்ளுங்கடா!"

வெற்றிடத்தில் ஓங்கி அடித்தான். கடப்பாரை பாதி வழியில் மெத்தென்று எதிலோ புதைந்து நின்றது. பிறகு, அவன் பிடியிலேயே, மெல்ல மெல்ல வில்லாக வளைந்தது.

அதை விட்டான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான். இழுத்தான். தோள் கழன்றது. கை நீண்டது. உடல் வரவில்லை. விலா எலும்புகள் மடமடவென்று ஒடிந்தன. ஒவ்வொன்றும் அந்தக் கை வழியாக அவனுக்கு வந்து சேர்ந்தது. கண்கள் பிதுங்கின. அசைவது நின்றது.

மணியும் நின்றது.

விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே எழும்பியது. மாப்பிள்ளை சுவரிலிருந்து உரிந்து விழுந்தான். மடித்த போர்வையின் கனம்தான் இருந்தான்.

இறங்குகிறார்கள்.

ஒரு தோள் அவனை இடித்தது. இன்னொன்று. இன்னொன்று. சுவரோடு அறைந்தது. மணிக்கட்டு முறிந்தது. கத்த நெஞ்சில் காற்றில்லை. டைல்ஸ் ஒவ்வொன்றாக நொறுங்கிக்கொண்டு போனது. வாசல் கண்ணாடி வெளிப்பக்கம் வளைந்தது. கண்ணாடி அவ்வளவு வளையாது. வெடித்தது.

காவலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு தரையோடு தரையாக இருந்தார்.

எதிரே நிறுத்தத்தில் ஒரு பஸ். முக்கால்வாசி காலி. மெக்கானிக் உடைந்த கதவு வரை தவழ்ந்து போனான். பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்பிரிங்குகள் கிரீச்சிட்டன. டயர்கள் பிதுங்கின. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். யாரையும் காணாமல் கியரில் கை வைத்தார்.

கதவு மூடியது.

ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், தெருவை வேடிக்கை பார்த்தபடியே கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கினாள்.

இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

இன்னும் கொஞ்சம்.