சமயநல்லூர் குடோன் சிஸ்டம்

சமயநல்லூர் சிஸ்டத்தின் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டியே சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி. கம்ப்யூட்டர் ஓடுகிறது, அதைக் காக்கிற பாதுகாப்பு சர்வீஸ் ஓடவில்லை என்று அர்த்தம். காவ்யஸ்ரீ நாற்காலியில் சாய்ந்து உச்சுக் கொட்டினாள்.

மாட்டுத்தீவனக் கம்பெனிக்குப் பதினாறு குடோன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். பழங்காநத்தத்தில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே அத்தனையையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குடோன்காரர்களில் பதினைந்து பேர் மண்டுகள் என்பது அவள் முடிவு. பதினாறாவது ஆளான சமயநல்லூர் முத்திருளனுக்கு அந்தச் சொல்லே மரியாதை அதிகம். ஐம்பத்தேழு வயது. போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேரே மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு கத்துவார். ஒருமுறை பாஸ்வேர்டு மறந்துவிடும் என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்து, அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் போட்டோவைக் காட்டி அவள் சிரிக்காத தோழி இல்லை.

மணி மூன்றரை. வெளியே வைகாசி வெயில் மொட்டை மாடித் தளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் கீழே சத்தமே இல்லை. காவ்யஸ்ரீ கையில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே சமயநல்லூர் சிஸ்டத்துக்குள் நுழைந்தாள். திரையில் கம்பெனியின் பசுமாட்டுப் படம் வந்தது. சர்வீஸ் பட்டியலைத் திறந்து பாதுகாப்பு சர்வீஸைத் தேடி ஸ்டார்ட் கொடுத்தாள். தொடங்கியது. மூன்று எண்ணுவதற்குள் நின்றது.

மறுபடியும் கொடுத்தாள். நின்றது.

அது தொடங்குவதற்குத் தேவையான மற்ற சர்வீஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடின. தானாகத் தொடங்கும்படி இருக்க வேண்டிய அமைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அவள் மாற்றினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் பழையபடி அணைந்திருந்தது. மறுபடி மாற்றிவிட்டு இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அம்புக்குறி நகர்ந்தது. அவள் கை முறுக்கில் இருந்தது, மவுஸில் இல்லை. இருந்தும் அது மெல்ல மெல்ல, முதல் தடவையாக மவுஸைத் தொடுகிறவர் நகர்த்துவதுபோலத் தவறித் தவறிப் போய், நிறுத்தும் பொத்தானின் மேல் நின்று, அழுத்தியது.

"அட பெருசு!" என்று சொல்லிச் சிரித்தாள் காவ்யஸ்ரீ. போனை எடுத்தாள்.

"முத்திருளன், முதல்ல மவுஸ்ல இருந்து கைய எடுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. "யாரு, மேடமா? வணக்கம் மேடம். நான் இப்ப பரவையில மக வீட்டுல..."

"ஆபீஸ் நேரத்துல மக வீட்டுல என்ன வேலை? அப்ப சிஸ்டத்துல யார உக்கார வச்சுட்டு வந்திருக்கீங்க?"

"யாரும் இல்ல மேடம். பூட்டிட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு காலையிலிருந்து ஊருக்குள்ள..."

"ஊர்க் கதை எனக்கு வேண்டாம். பூட்டின ரூமுக்குள்ள மவுஸ் தானா ஓடுது, அப்படித்தான?"

"இல்ல மேடம், நான் சொல்ல வாரது என்னன்னா..."

"நீங்க சொல்லி நான் கேக்கணுமா? உங்க மேல ரெண்டு ரிப்போர்ட் ஏற்கெனவே போயிருக்கு. மூணாவது போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க, தெரியும்ல? இன்னும் கால் மணி நேரத்துல குடோன்ல இருக்கணும். போய்ச் சேந்ததும் கூப்பிடுங்க."

அவர் ஏதோ சொல்ல மூச்செடுத்தார். அவள் கட் பண்ணினாள்.

அந்த ஆள் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்துக்கு இந்த இம்சையைத் தாங்கணுமே என்றுதான் அவளுக்கு இருந்ததே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் மகளின் ஸ்கூட்டரையோ தன் பழைய மொபெட்டையோ எடுத்துக்கொண்டு வெயிலில் வரட்டும். அதற்குள் உள்ளே உட்கார்ந்து விளையாடுகிற ஆளைத் தானே பிடித்துவிடலாம்.

பதிவேட்டைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும் இடம். பாதுகாப்பு சர்வீஸ் முதன்முதலாக நிறுத்தப்பட்டது காலை ஒன்பது மணி நாலு நிமிடத்துக்கு. அதன் பிறகு ஏழு முறை. நிறுத்தியது முத்திருளனின் பெயரில், அந்த அறையின் விசைப்பலகையில் இருந்து. சுவரில் எழுதி வைத்த பாஸ்வேர்டு வேறென்ன செய்யும்? அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். சர்வீஸைத் தொடக்கினாள். அம்புக்குறி வந்து நிறுத்திவிட்டுப் போனது. அந்தப் பெயரையே முடக்கினாள். அம்புக்குறி வந்தது. இப்போது அது தவறவில்லை, நேராக வந்தது.

சரி, எவன் என்று பார்த்துவிடுவோம் என்று ஹெட்செட்டை மாட்டி, அந்தப் பக்கத்து மைக்கை இயக்கினாள்.

முதலில் அறையின் சத்தம்தான் கேட்டது. காற்றே இல்லாத, ஜன்னல் இல்லாத அறைக்கு இருக்கும் கனமான சத்தம். மூட்டைகளை அடுக்கிய அந்த அறையைப் போன வருடம் ஒரே ஒருமுறை நேரில் பார்த்திருந்தாள். கடலைப் புண்ணாக்கின் எண்ணெய் வாடையும் ஈரச் சாக்கின் புளித்த வாடையும் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டே நிமிடத்தில் வெளியே ஓடி வந்திருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அதே வாடை மூக்கின் அடியில் மறுபடி வந்து நின்றது. பிறகு வேறொரு சத்தம். யாரோ பருத்திக்கொட்டை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அள்ளி, விரல்களின் வழியே திரும்ப மூட்டைக்குள்ளேயே விடுவதுபோல. அள்ளுவது. விடுவது. அவசரமே இல்லாமல்.

"ஹலோ, யாருங்க அங்க?"

அள்ளுவது நின்றது.

"காது கேக்குதுல்ல? கைய எடுங்க."

பிறகு அவளுடைய குரலே திரும்பி வந்தது. "...எடுங்க."

எக்கோ. மட்டமான மைக் வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான். கம்பெனியையும் சேர்த்து ஒரு வசவு வைதாள். அந்த வசவும் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. முதல் தடவை குழறலாக. இரண்டாவது தடவை தெளிவாக. அவள் ஒரு தடவைதான் வைதிருந்தாள்.

முறுக்கைத் தட்டில் வைத்தாள்.

கேமராவைத் திறந்தாள். கறுப்பு. மீட்டிங்கில் முகம் காட்டப் பயந்து பெருசு ஏதாவது ஒட்டி வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒட்டிய தாளின் கறுப்பு ஒரே சீராக இருக்கும். இதில் ஆழம் இருந்தது. அடுக்கு அடுக்காக இழைகள் தெரிந்தன. முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இழைகள் மெல்ல உள்ளே வாங்கின, வெளியே வந்தன. மூச்சு விடுகிற ஒன்றின் மேல் கிடப்பவைபோல.

பின்னுக்கு நகர்ந்தாள்.

அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. கீழே தெருவில் பழைய பேப்பர்க்காரரின் ஒலிபெருக்கி கேட்டது. பட்டப்பகல். இதற்குப் போய்ப் பயப்படுகிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு இளக்காரம் வந்தது. சிஸ்டத்தை அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஷட்டவுன் கொடுத்தாள். பசுமாடு மறைந்தது. திரை இருண்டது. இணைப்பு போய்விட்டது என்ற செய்தி வரவேண்டும். காத்திருந்தாள். வரவில்லை.

கேமராவின் கட்டம் மூடாமல் கிடந்தது. காதில் பருத்திக்கொட்டை சரியும் சத்தம் தொடர்ந்தது.

அள்ளுவது. விடுவது.

"வாங்க," என்றது அவளுடைய குரல். "உள்ள வாங்க."

அதை அவள் இன்று யாரிடமும் சொல்லவில்லை.

போன் அடித்தபோது அவள் துள்ளிவிட்டாள். முத்திருளன். எடுத்ததும் அவர் இரைக்கிற மூச்சும் ஷட்டரைத் தூக்கும் கரகரப்பும் கேட்டன.

"வந்துட்டேன் மேடம். வெயிலு மண்டையப் பொளக்குது. ஷட்டரத் தொறந்தாச்சு, உள் ரூமு பூட்டு மட்டுந்தான் பாக்கி. ஆனா மேடம், கரண்டு அஞ்சு மணிக்குத்தான் வருமாம்."

"என்னது?"

"அதத்தான் அப்பவே சொல்ல வந்தேன். மாசாமாசம் கரண்ட்டு கம்பி வேலைக்கு நிறுத்துவாகல்ல, இன்னிக்கு அந்த நாளு. காலையில ஒம்போது மணிக்கே போயிருச்சு. ஊருலயே எங்கயும் கரண்டு இல்ல. அதான் குடோனப் பூட்டிட்டு மக வீட்டுக்குப் போனேன். லீவு லெட்டர்கூட மெயில்ல போட்டிருந்தேனே மேடம்."

மெயில். அவருடைய மெயில் எதையும் அவள் திறந்து பார்ப்பதில்லை.

"யூபிஎஸ் இருக்கும்ல?"

"பேட்டரிய போன வாரமே ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போயிட்டாங்க மேடம். இப்ப சிஸ்டத்துக்குப் பின்னாடி வெறும் வயருதான் தொங்குது."

காவ்யஸ்ரீ திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி. ஒன்பது மணி நாலு நிமிடம்.

"முத்திருளன், உள்ள போகாதீங்க."

"மேடம்?"

"பூட்டத் தொறக்காதீங்க. வெளிய வந்துருங்க. ஷட்டரக்கூட எறக்க வேண்டாம், அப்படியே ரோட்டுக்கு வந்துருங்க." அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அண்ணே, சொல்றதக் கேளுங்க அண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் உங்கள ரொம்பப் பேசிட்டேன், அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. வெளிய வாங்க."

போனில் சாவிக்கொத்து குலுங்கியது.

ஹெட்செட்டில் அவளுடைய குரல் பேசியது. இப்போது குழறல் இல்லை, தாமதம் இல்லை. அலுப்பும் எரிச்சலும் சரியான அளவில் கலந்திருந்தன. "முத்திருளன், எம்புட்டு நேரம் அங்கயே நிப்பீங்க? உங்களுக்குப் பூட்டு தொறக்கவும் நான்தான் சொல்லித் தரணுமா?"

அதே வாக்கியம் போன் வழியாகவும் கேட்டது. சற்றுத் தள்ளி, ஒரு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"யாரும்மா நீ, மேடம் போன்ல பேசுறது?" என்றார் முத்திருளன் போனில். பயம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. "மேடம் இங்க உள்ள இருந்து சத்தம் போட்டுக்கிட்டு இருக்காக. எப்ப, எந்த வழியா வந்தாகன்னு தெரியல."

"அண்ணே, அது நான் இல்ல! நான்தான் காவ்யா! இங்க பழங்காநத்தத்துல இருக்கேன்!"

"எங்க மேடத்த எனக்குத் தெரியாதா? அவுக இப்படியெல்லாம் பேச மாட்டாக," என்றார் அவர். "வச்சுரும்மா. லேட்டாச்சுன்னா இன்னொரு ரிப்போர்ட் போட்டுருவாக."

போன் நின்றது.

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஹெட்செட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கேமராவில் அந்தக் கறுப்பு அசைந்தது. லென்ஸ் கண்ணாடியை விட்டு விலகியது. கதவடியில் கசிந்த வெளிச்சத்தில் விலகிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது ஒரு தலையின் பின்புறம் என்று தெரிவதற்கு அது அறையின் பாதி தூரம் போகவேண்டியிருந்தது.

அது எழுந்தது. கூரை வரை.

கதவு திறந்தது. ஷட்டர் வழியாக வந்த வெளிச்சம் மூட்டைகளின் மேல் விழுந்தது. வாசலில் முத்திருளன். செருப்பை வெளியே விட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டைச் சட்டென்று எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். திட்டு வாங்க நிற்கிறவர் நிற்பதுபோல, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க மனசுல?" என்றது அவளுடைய குரல்.

"நிமிந்து பாருங்க!" காவ்யஸ்ரீ மைக்கில் அலறினாள். "அண்ணே, நிமிந்து பாருங்க! ஓடுங்க!"

இரண்டும் ஒரே குரல். இரண்டும் ஒரே அறையில் ஒலித்தன. அவர் எதற்கும் நிமிரவில்லை. இத்தனை வருடத்தில், திட்டுகிறவர்களின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

கூரையில் இருந்து அது மடங்கியது. இடுப்பில் ஒருமுறை. கழுத்தில் ஒருமுறை. பிறகு, மடங்கக்கூடாத இடத்தில் இன்னொருமுறை. நீண்டு, தாழ்ந்து, தரையைத் தொடும்வரை இறங்கி, அவருடைய தாழ்ந்த கண்களுக்கு நேர் கீழே வந்து, மல்லாந்து தன் முகத்தைக் காட்டியது.

முத்திருளன் அதைப் பார்த்தபடியே, "சரி மேடம்" என்று பணிவாக, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.