பொட்டு வைத்த காயில்

பருத்திப்பட்டு ஏரி ஓரம்... மழை. வர்ஷாவின் கார் திடீரெனக் குலுங்கியது. எஞ்சின் விளக்கு படபடவென்று சிமிட்டியது.

பின்னாலிருந்து ஹாரன்... விடாமல்.

கண்ணாடியை இறக்கினாள். "ஹாரன் அடிச்சா வண்டி சரியாயிடுமா?"

"ஆவாது. நீங்க ஓரங்கட்டுவீங்க இல்ல?" நனைந்தபடி வந்தான் ஒருவன். ஈர இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்... "என் வண்டியும் இதே மாடல்தான். மிஸ்ஸிங் அடிக்குது மேடம். நாலு சிலிண்டர்ல ஒண்ணு எரியல."

"தெரியும். பிசிக்ஸ் படிச்சிருக்கேன்." வெடுக்கென்று சொன்னவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னா வித்துடுவேன்னு அப்பா சொல்லியிருக்கார்..."

அவன் சிரிப்பு நின்றது. பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினில், சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் ஒவ்வொரு இக்னிஷன் காயிலின் ஒயராகக் கழற்றி மாட்டினான். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவில்லை.

"இதான் தூங்குது. ரெண்டாவதோட மாத்திப் பாக்கலாம். மிஸ்ஸிங்கும் கூடவே போச்சுன்னா காயில்தான் கோளாறு. அடையாளம் வைக்க எதுனா கீதா உங்ககிட்ட?"

தயங்கியபடி இறங்கி வந்து, சிவப்பு நெயில் பாலிஷை நீட்டினாள்.

"அட... காயிலுக்கே பொட்டா!"

பொட்டு வைத்த காயில் இடம் மாறியது. மிஸ்ஸிங்கும் கூடவே போனது.

"காயில்தான். எங்கிட்ட ஸ்பேர் கீது. நனையாதீங்க, உள்ள உக்காருங்க."

பின்கண்ணாடியில் மழை மட்டுமே தெரிந்தது. சற்று நேரத்தில் எஞ்சின் குலுங்காமல் ஓடியது. ஹேமநாதன் என்று பெயர் சொன்னான். நம்பர் கேட்க அவளுக்குத் தன்மானம் இடம் தரவில்லை.

மறுநாள் காலை, கரையான்சாவடி. முன்னால் ஒரு கார் குலுங்கிக் குலுங்கி, உதிரிபாகக் கடை வாசலில் நின்றது. அந்தக் குலுக்கல்... அவளுக்குத் தெரியும். ஹாரன் அடித்தாள்.

பானெட்டைத் திறந்தவன் திரும்பினான். ஹேமநாதன்!

இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே... சிவப்புப் பொட்டு.

"ஸ்பேர்னு சொன்னீங்க!"

"என்னோடதுன்னு சொன்னா வாங்கியிருப்பீங்களா? எங்க ஊட்ல வண்டிய விக்க யாரும் இல்ல..."

"இதோட ஓட்டினீங்களா? எரியாத பெட்ரோல் சைலன்சரையே கெடுத்துடும், தெரியுமா?" கண்கள் நிறைந்துவிட்டன.

"திட்டாதீங்க பிசிக்ஸ். புதுசு வாங்கத்தான் வந்தேன். அத உங்க வண்டியில போட்டுட்டு, என்னோடத எடுத்துக்கட்டுமா?"

நெஞ்சுக்குள் ஏதோ மிஸ்ஸிங் அடித்தது.

"தர மாட்டேன்... அது எங்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப... பொட்டு வச்சது?" அவன் பார்வை காயிலில் இல்லை. அவள் நெற்றிப் பொட்டில்.

"அது... உங்களுதுதான்."

சொன்னது தான்தானா? வர்ஷா அதிர்ந்துபோய்க் காருக்குள் ஓடினாள். சாவி துளைக்குள் போகவே மாட்டேன் என்றது.