பேய்க்கணவாய் வாசலில்

நாளை அக்காவுக்குக் கல்யாணம். என் கூடையிலோ ஒன்றுமே இல்லை.

ஓமானின் மஸீராத் தீவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். கல்யாண உடுப்புக்குப் போடும் வாசனைப் புகையில் கடல் நத்தையின் மூடி சேர வேண்டும். நத்தை உள்ளே போனதும் வாசலை அடைத்துக்கொள்ளுமே, நகம் போன்ற அந்த மூடிதான். அதை மணப்பெண்ணின் தங்கைதான் பொறுக்கி வர வேண்டும். தங்கை நான், ஸுவைனா. ஆறு நாளாகக் கடல் வற்றும்போதெல்லாம் பாறைக்குழிகளில் தேடினேன். முழங்காலில் இரண்டு காயம்தான் மிச்சம்.

"கடைல வாங்கிக்கலாம், விடுடி" என்று காலையில் ரய்யா அக்கா சொன்னாள். பிறகு உள்ளே போய் அழுதாள். எனக்குக் கேட்டது.

மாமா மகன் ஹிலாலும் கூட வந்திருந்தான். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

"தண்ணி திரும்ப ஏறுது. பேசாம உன் நகத்தையே வெட்டிக் குடுத்துடு!"

கடைசிக் குழியில், பாறை இடுக்கில், இருபது நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன! ஆசையாகக் கையை விட்டேன். விரலில் ஏதோ வழுக்கியது. வெள்ளைநிறத்தில் குட்டிக் குட்டிப் பைகள்.

"முட்டைடா!"

"அதுக்கென்ன? இப்பத்தானே மொத்தமா மாட்டும். எங்க வாப்பா இப்படித்தான் அள்ளுவார்."

போன வருடம் நானும் இப்படித்தான் வாளி நிறைய அள்ளினேன். ஊரே அள்ளியது. இந்த வருடம் நத்தை எப்படி இருக்கும்? கையை எடுத்துக்கொண்டேன்.

ஹிலால் குனிந்து கையை நீட்டினான். நான் தட்டிவிட்டேன்.

"தொட்டே, கடிச்சுடுவேன்!"

"அப்ப அக்காகிட்ட என்ன சொல்லுவே?"

ஈரப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் கணுக்கால்வரை ஏறிவிட்டது. இனி இருட்டிய பிறகுதான் கடல் வற்றும்.

அப்போது எதிர்ப் பொந்திலிருந்து ஒரு வெற்று ஓடு உருண்டு விழுந்தது. நெளிநெளியான ஒரு கை அதை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனது. பேய்க்கணவாய்! எட்டுக் கை ஆக்டோபஸ். தின்றுவிட்டுக் குப்பையை வாசலில் கொட்டுகிறது. சிப்பி, நண்டு ஓடு, நத்தை ஓடு. நடுவே பழுப்பு நிறத்தில் மூடிகள்!

"அதோட எச்சில்லயா கை விடப்போறே? சீ!" என்றான் ஹிலால்.

ஒன்பது எடுத்தேன். பத்தாவதைத் தொட்டதும் பொந்திலிருந்து அந்தக் கை என் விரலைப் பிடித்து இழுத்தது. அலறிக்கொண்டு ஓடி வந்தேன்.

உம்மா மூடிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஒரு கைப்பிடி வேணுமேடி. இது ஒரு உடுப்புக்குத்தான் காணும்."

தலை குனிந்தபடி நடந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா தன் கல்யாண உடுப்புகளில் பச்சையை எடுத்து உம்மாவிடம் நீட்டினாள். "இதுக்குப் போடுங்க. இதையே நாளைக்குப் பூரா உடுத்திக்கறேன்."

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா அக்காவை அணைத்து, தோளில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். "என்னா வாசம்! யாரு பொறுக்கினது?"

"என் தங்கச்சிதான்" என்று அக்கா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள். பேய்க்கணவாயைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.