பதினோராவது கட்டில்

நந்தி மலையில் பிறந்து, கங்க நாட்டைக் கடந்து, யாருடைய முத்திரையும் காட்டாமல் சோழ எல்லைக்குள் நுழைந்து வரும் பெண்ணையாறு, அன்று ஆவணி மாதத்து அந்தியில், செங்குன்றக் கோட்டையின் மதிலடியில் அகன்று கிடந்தது. மேற்கே கதிரவன் இன்னும் முழுதாக இறங்கவில்லை; கிழக்கே வளர்பிறைச் சந்திரன் அதற்குள் அவசரப்பட்டு எழுந்துவிட்டான். ஆற்றின் ஒரு பாதி பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் மின்ன, நடுவே ஒரு நாரைக் கூட்டம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் வட்டமிட்டது.

வாசகர்களே, இந்த அழகையெல்லாம் நாம்தான் பார்க்கிறோம். சீருடையாள் பார்க்கவில்லை. சாளரத்தின் வழியே அவள் ஆற்றை நோக்கியது, வெயில் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அளப்பதற்காகத்தான்.

அவள் அந்தக் கோட்டையின் ஆதுலர் சாலையில், அதாவது நோயாளிகளைக் காக்கும் மருத்துவச் சாலையில், மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பணிப்பெண். வயது இருபத்திரண்டு. எட்டு நாளுக்கு முன் மேல்துறைச் சந்தையில் எல்லைக் காவலருக்கும் கங்க வீரருக்கும் கைகலப்பு நேர்ந்து, அம்புகள் ஆள் பார்க்காமல் பாய்ந்தன. காயம்பட்ட வணிகர், ஓடக்காரர், வீரர் என்று பதினாறு பேர் சாலையின் பதினாறு கட்டில்களில் கிடந்தார்கள்.

பதினோராவது கட்டிலில் கிடந்தவன் தன்னைத் தகடூர் நெல்வணிகன் ஆச்சன் என்று சொல்லிக்கொண்டான். தொடையில் அம்பு தைத்த புண். உடம்பில் அனல்போலக் காய்ச்சல். முதல் மூன்று நாள் அவன் ஒரு துளி மருந்தைக்கூட விழுங்கவில்லை. சாலையின் தலைமை வைத்தியர் அம்பலக்கூத்தர், "பிடிவாதக்காரன். மூக்கைப் பிடித்து ஊற்று" என்று கட்டளையிட்டார்.

சீருடையாள் ஊற்றவில்லை. அவள் ஏன் ஊற்றவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

சென்ற கார்காலத்தில் இதே சாலையில் கங்க நாட்டுச் சிறையாளி ஒருவன் கிடந்தான். அவனும் மருந்தை மறுத்தான். அவளும் கட்டளைப்படி மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அவன் உமிழ்ந்தான், மறுநாளும் ஊற்றினாள், அதன்பின் அவள் நிழல் கண்டாலே பகலில் தரும் கஞ்சிக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் நாள் இறந்தான். 'பட்டினி கிடந்து செத்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மறுத்தது மருந்தை அல்ல, மருந்து குழைத்த தேனை என்பதையும், அதை இருட்டிய பிறகு கொடுத்ததை என்பதையும் வழியில் வந்த ஒரு சமணத் துறவி சொல்லக் கேட்டபோது அவனைப் புதைத்து இரண்டு திங்கள் ஆகியிருந்தன.

அன்று முதல் கட்டிலில் வந்து விழும் எவரிடமும் அவள் ஊரையும் பேரையும் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்பாள்: "உங்களுக்கு எது ஆகாது?"

ஆச்சனிடமும் நான்காம் நாள் காலையில், அவன் காய்ச்சல் சற்றே தணிந்து கண் விழித்தபோது கேட்டாள். அவன் அவளைப் பார்த்து, "தேன் ஆகாது. பொழுது சாய்ந்தபின் தண்ணீரும் ஆகாது" என்றான். வேறெதையும் அவள் கேட்கவில்லை. மருந்தை வெல்லப்பாகில் குழைத்தாள். அந்தி மணிக்குக் காத்திராமல் வெயில் இருக்கும்போதே கொடுத்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

இப்போதும் கிண்ணத்தோடு வந்து, "இன்னும் ஒரு விரற்கடை வெயில் இருக்கிறது. விரைவாக அருந்துங்கள்" என்றாள்.

"கதிரவனையே நிறுத்தி வைத்துவிட்டு வந்தவர்போல் மூச்சு வாங்குகிறதே உங்களுக்கு" என்று அவன் சிரித்தான்.

"நிறுத்தத் தெரிந்தால் இப்படி ஏன் ஓடி வருகிறேன்?"

அவன் அருந்தினான். பிறகு தாழ்ந்த குரலில், "சென்ற கார்காலத்தில் இங்கே இறந்த கங்க நாட்டவரைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை" என்றான்.

சீருடையாளின் கையிலிருந்த கிண்ணம் இலேசாக ஆடியது. அவள் வாய் திறப்பதற்குள் வாயிலில் குதிரைகளின் கனைப்பு கேட்டது.

கோட்டைத் தண்டநாயகர் மலையரையர் உள்ளே வந்தார். நெடிய உருவம், இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய வடு. அவர் பின்னால் நான்கு வீரர்கள், ஒரு பெரிய செப்புக் குடத்துடன்.

"அம்பலக்கூத்தரே, நம் ஒற்றன் செய்தி கொண்டு வந்திருக்கிறான்" என்றார் தண்டநாயகர். "கங்க மன்னனின் தம்பி மகன் ஒருவன் மாறுவேடத்தில் மேல்துறையில் இறங்கி, அம்பு பட்டு, உம்முடைய சாலைக்குள் கிடக்கிறான். அவர்கள் குடி சமணக் குடி. சமணன் தேன் உண்ணமாட்டான். பொழுது சாய்ந்தபின் எதையும் உண்ணமாட்டான். இந்தக் குடத்தில் தேன் கலந்த பால் இருக்கிறது. அந்தி மணி அடித்ததும் ஆளுக்கு ஒரு குவளை. எவன் மறுக்கிறானோ அவனைக் கட்டிக் கொண்டுபோகிறேன்."

ஒரு நோயாளியைப் பிழைக்க வைக்கச் சீருடையாள் கேட்டறிந்த அதே செய்தியை இவர் தூக்குக் கயிறாகத் திரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சாளரத்துக்கு வெளியே கதிரவன் மறைந்தான். அந்தி மணி அடித்தது.

அவள் முன்னால் வந்து நின்றாள். "தண்டநாயகரே, இந்தச் சாலையில் நோயாளியின் வாய்க்கு எது போனாலும் அது என் கை வழியாகவே போகும். குவளையை நானே கொடுக்கிறேன்."

"கொடு. எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார் அவர்.

முதல் கட்டிலில் வேதம் ஓதும் பட்டர் ஒருவர். குவளையைக் கண்டதும் தலையை ஆட்டினார். "இவர் அந்தி வழிபாடு முடிக்காமல் எதையும் அருந்தமாட்டார்" என்றாள் சீருடையாள். தண்டநாயகர் நகர்ந்தார்.

அடுத்தவர் அரபு நாட்டுச் சோனகக் குதிரை வணிகர். "இவருக்கு நோன்பு மாதம். பொழுது சாய்ந்தபின்தான் அருந்துவார்."

"சாய்ந்துவிட்டதே" என்றார் தண்டநாயகர்.

"இருட்டட்டும். நீங்கள் தேடுகிறவர் இருட்டினால் உண்ணாதவர் என்றீர்களே. இவர் இருட்டினால் மட்டுமே உண்பவர்."

வீரன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மூன்றாவது கட்டிலில் இருந்த மலைக்காரன் குவளையை முகர்ந்து பார்த்துத் தள்ளினான். "தேனாச்சே இது. வேணாம் தாயே."

"தேன் எடுப்பது உன் தொழில் அல்லவா?" என்றார் தண்டநாயகர், குரல் உயர.

"ஆமாஞ்சாமி. அதான் வேணாங்கிறேன். வருசத்து மொதத் தேனை மலைமேல முருகனுக்கு வச்சிட்டுத்தான் நாக்குல வப்போம். இந்த வருசம் நீங்க சண்டை போட்டுக்கிட்டு மலைப் பாதைய அடைச்சிட்டீங்க. இன்னும் வக்கல."

ஐந்தாவது கட்டிலில் கிடந்த குயவர் மனைவி, வேற்று ஆடவர் கையால் கலந்த பாலைத் தொடமாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆறாவது கட்டிலில் தண்டநாயகரின் சொந்தப் படைவீரன் ஒருவன், எழ முயன்று, கைகூப்பி, "தலைவரே, எனக்கு விரதமெல்லாம் இல்லை. தேன் குடித்தால் வயிற்றைப் புரட்டும். பெரியம்மை வந்த நாளிலிருந்து இப்படித்தான்" என்றான்.

"இவன் சொல்வது உண்மையா?"

"வந்த அன்றே என்னிடம் சொன்னார்" என்றாள் சீருடையாள். "நீங்களும் கேட்டிருந்தால் உங்களிடமும் சொல்லியிருப்பார்."

ஒன்பதாவது கட்டிலில் தோள் முறிந்து கிடந்தவன் ஓடக்காரன் வெள்ளையன். "எங்கப்பன் செத்து இன்னியோட ஒம்போது நாளுங்க. ஒரு வேளைச் சோறுதான். நாளைக்கு விடியக்காலம் ஆத்தங்கரையில பத்தாம் நாள் காரியம். அதுக்குப் போக விடச் சொல்லுங்க சாமி, ஒத்தாசைக்கு ஓர் ஆளோட."

"போ, போ. விடியலில் இவனை ஆற்றுக்கு விடுங்கள்" என்று காவலரிடம் சலிப்புடன் சொல்லிவிட்டு நடந்த தண்டநாயகர், பதினோராவது கட்டிலின் முன் நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது. பத்துப் பேரில் அறுவர் மறுத்தாயிற்று. அந்த அறுவருள் யாரையும் கட்ட முடியவில்லை.

"இவன்?"

ஆச்சன் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். சீருடையாள் குவளையை நீட்டவே இல்லை.

"இவர் தமக்குரிய மருந்தைச் சற்று முன்புதான் என் கையால் அருந்தினார். அதன்மேல் விடியும்வரை பால் கூடாது. கொடுத்தால் மருந்து முறிந்து காய்ச்சல் ஏறும். வைத்தியரைக் கேளுங்கள்."

எல்லாக் கண்களும் அம்பலக்கூத்தர்மேல் திரும்பின. அந்தி மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைத் தம்மைக் கேளாமல் நேரம் மாற்றிக் கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். காய்ச்சல் இறங்கிய நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பால் கூடாது. அவள் சொல்வது வைத்திய முறை" என்றார்.

தண்டநாயகர் சீருடையாள் பக்கம் குனிந்தார். "பெண்ணே, பதினாறு பேரின் விருப்பு வெறுப்பும் உன் விரல் நுனியில் இருக்கிறது. எவன் என்பது உனக்குத் தெரியும். இவன் யார்?"

"எனக்கு இவர் பதினோராவது கட்டில்."

"கோட்டையைக் காப்பது என் கடமை."

"கட்டிலைக் காப்பது என்னுடையது. நோயில் கிடப்பவர் என்னிடம் சொல்வது, உடம்பு தேற வேண்டுமென்று சொல்வது. அதை உங்கள் ஒற்றருக்கு நான் கொடுத்தால், நாளை எவரும் என்னிடம் வாய் திறக்கமாட்டார்கள். வாய் திறக்காமல் செத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இனி ஒருவரைப் பார்க்கமாட்டேன்."

"அந்த இளவரசனின் முகம் அறிந்த சிறையாளி ஒருவன் மேல்கோட்டையில் இருக்கிறான். காலையில் அவனோடு வருவேன். அப்போது உன் கட்டில் பேசும். அவனை மறைத்த உன் கைக்கு என்ன தண்டனை என்பதையும் அப்போதே சொல்கிறேன்" என்று கூறிவிட்டு மலையரையர் வெளியேறினார். வாயிலில் காவல் இரட்டிப்பாயிற்று.

கீழ்வானம் வெளுத்தபோது, தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு இருவர் சாலையின் ஆற்றுப் படிக்கட்டில் இறங்கினார்கள். காவலர் தடுக்கவில்லை; ஓடக்காரனை ஒத்தாசைக்கு ஓர் ஆளோடு ஆற்றுக்கு விடத் தண்டநாயகரின் கட்டளை இருந்தது. வெள்ளையன் தன் ஓடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நொண்டி வந்தவனிடம், "என் தோளு போச்சு, உங்க காலு போச்சு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு. அக்கரை மணல்ல அப்பன் காரியத்த முடிச்சுக்குவேன். நீங்க யாரு எவருன்னு நான் கேக்கல சாமி. அந்தம்மா கேக்காதத நான் ஏன் கேக்கணும்?" என்றான்.

சீருடையாள் கிண்ணத்துடன் கடைசிப் படியில் நின்றாள். தண்ணீருக்கு மேலே கதிரவனின் விளிம்பு தெரிந்தது.

"நிறுத்துங்கள்" என்றாள் அவள், அவன் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது. "இது யாருடைய கை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நீங்கள் கேட்ட கங்க நாட்டவர் வாயில் தேனை ஊற்றியது இந்தக் கைதான். இருட்டில், மூக்கைப் பிடித்து. எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் நான் கேட்கவில்லை என்பதும் உண்மை."

அவன் தலைத்துண்டை விலக்கினான். காய்ச்சலில் மெலிந்தும் அந்த முகத்தின் மிடுக்கு குறையவில்லை.

"என் பெயர் சாந்திதேவன். கங்க மன்னரின் தம்பி மகன். இறந்தவர் என் தமையன் நேமிதேவன். கோட்டையின் வாயில்களை எண்ண நான் வரவில்லை. நோன்பை முறித்த கையைக் கண்டுபிடித்து வெட்டிக் கொண்டுவருவதாக எங்கள் அன்னையின் முன் வாக்களித்துவிட்டு வந்தேன்."

ஆறு சலசலத்தது. அவள் கையைப் பின்னால் இழுக்கவில்லை.

"ஐந்தாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றான் அவன் மெல்ல. "நான் அவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் கிண்ணம் நடுங்கியது. நேற்று அந்தியில் அந்தக் கையை எனக்காகப் பணயம் வைத்தீர்கள். அன்னையிடம் சொல்வேன், அந்தக் கை இப்போது இல்லை என்று. பொய்யல்ல. அன்று இருந்த கை இதுவல்ல."

அவன் வாயைத் திறந்தான். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அவள் ஊட்டினாள். ஓடம் நகர்ந்தது. நடு ஆற்றை அடையும் வரை அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பதை வாசகர்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். அவள் அதற்குள் மேலே ஏறிவிட்டாள். பதினான்கு பேருக்குக் காலைக் கஞ்சி காத்திருந்தது.

முகம் அறிந்த சிறையாளியோடு மலையரையர் வந்தபோது பதினோராவது கட்டிலில் புதுப் பாய் விரிக்கப்பட்டிருந்தது.

"எங்கே அவன்?"

"காய்ச்சல் தணிந்தது. போய்விட்டார்."

"உன் கைக்குத் தண்டனை சொல்வதாகச் சொன்னேன்."

சீருடையாள் வலக்கையை அவர் முன் நீட்டினாள். "சொல்லுங்கள். அதற்கு முன் என் சொல்லையும் கேளுங்கள். இந்தக் கை இருக்கும்வரை மூடிய வாயில் எதையும் ஊற்றாது. திறந்த வாய் சொன்னதை எவருக்கும் விற்காது. சோழ நாட்டவர் ஆனாலும், கங்க நாட்டவர் ஆனாலும், நாளை நீங்களே அந்தக் கட்டிலில் வந்து விழுந்தாலும்."

தண்டநாயகர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலக்கை வாளின் பிடியில் இருந்தது. அம்பலக்கூத்தர் மருந்துக் குழவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் அருகில் நின்றார். ஆறாவது கட்டிலில் படைவீரன் எழுந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு கட்டிலாக எழுந்து உட்கார்ந்தது.

சாளரத்தின் வழியே விழுந்த காலை வெயிலில், நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அது நடுங்கவில்லை.