வலித்தால் சொல்லுங்கள்

மழைக்கு அன்று என்ன கோபமோ... அவள் குடையைத் திருப்பிப் போட்டு, கையிலிருந்த ஃபைல் கட்டையும் நனைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. உள்ளே வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடி. அலுத்துக்கொண்டே படியருகே போனாள். மாடிப்படிக்கு அடியில் குனிந்து எதையோ தள்ளிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர, தோள் இடித்து ஃபைல்கள் சிதறின.

"கண்ணு தெரியலையா?"

"இப்பதாங்க தெரிய ஆரம்பிச்சிருக்கு..."

நல்ல கண்கள்தான். இமையில் மழைத்துளி வேறு. திட்ட மறந்து, சிதறியதைப் பொறுக்கினாள்.

"குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

"எனக்குக் கை இருக்கு."

"எனக்கும் இருக்கு. சும்மாதான் தொங்குது."

ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு ஒரு படி பின்னாலேயே வந்தான். மரியாதை தெரிந்தவன் போலும் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலோரம் நின்றான். "மழை அழகா இருக்குல்ல... ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போலாமே." மழையையா பார்க்கிறான், தன்னையா? மூன்றாவது மாடியில் ஃபைல் கட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் ஓடியபோது அவள் கன்னம் சுட்டது.

வேலையில் அடிபட்டவர்களின் காலை மடக்கி அளப்பது அவள் வேலை. 'வலிக்குது' என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, கோணத்தை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் நஷ்டஈடு; கால் குறைவாக மடங்கினால் பணம் அதிகம். தெரிந்தவர்களை மட்டும் அவள் அளக்கக் கூடாது, டாக்டரே அளப்பார்.

முதல் ஆளைக் கூப்பிட்டாள். அவனேதான் வந்தான், நிமிர்ந்து, நொண்டாமல்.

விண்ணப்பத்தைப் படித்தாள். குடோன் தொழிலாளி. பெட்டி சரிந்து வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. கைத்தடியின்றி நடக்க இயலாது. படி ஏற இயலாது.

இயலாதா? இப்போதுதானே தன் பின்னாலேயே மூன்று மாடி ஏறினான்? அந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இத்தனை பொய்? பார்த்ததை எழுதினால் அவன் மனு அவ்வளவுதான். எழுதாவிட்டால் அவள் வேலைக்கு என்ன அர்த்தம்?

"படுங்க. வலிச்சா சொல்லுங்க." வேண்டுமென்றே குரலில் கடுமை ஏற்றினாள்.

மடக்கினாள். அறுபது... எழுபது... எண்பது. அவன் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பொய்க்காரன் என்றால் நாற்பதிலேயே கத்தியிருப்பானே, இவன் ஏன் கத்தவில்லை? அவள் உள்ளங்கைக்கடியில் முழங்கால் வீங்கி, அடுப்பாய்ச் சுட்டது. அவன் நெற்றியில் வியர்வை.

"வலிக்கலையா?"

"சேச்சே..."

அப்போது அவன் அக்கா, ஒரு கைத்தடியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"ஏன்டா, இதை எதுக்குடா மாடிப்படிக்கு அடியில சொருகி வெச்சே? வீட்டு வாசப்படி தாண்டவே என் தோளைப் புடிக்கிறவன், மூணு மாடி எப்படிடா ஏறினே?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப... மழை பாத்ததெல்லாம்?" என்றாள் இவள்.

"மழையும் பாத்தேன்." சுவரைப் பார்த்தே சொன்னான். "நீங்க குடையோட மல்லுக்கட்டிக்கிட்டு வந்தீங்க. உங்க கண்ணுல நொண்டியா விழக் கூடாதுன்னு தோணிச்சு..."

"நான் எண்பதுன்னு எழுதினா உங்க ஆபரேஷனுக்கு ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் ஆயுசுக்கும் நொண்டணும். தெரியுமா?"

"தெரியும். உங்க முன்னாடி வலிக்குதுன்னு சொல்ல வாய் வரலைங்க."

இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா? கோபமா, அழுகையா, என்ன இழவு இது என்று அவளுக்கே புரியவில்லை. கோணம் அளக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், இவருக்கு நீங்களே அளந்துடுங்க. எனக்காக மூணு மாடி ஏறித்தான் முட்டி இப்படி வீங்கியிருக்கு. அதையும் எழுதிக்கங்க."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, தெரிஞ்சவரா?"

காது மடல்வரை சிவந்துவிட்டது அவளுக்கு.

"இன்னும் இல்ல டாக்டர்... தெரிஞ்சுக்கணும்னு இருக்கேன்."

அக்கா திறந்த வாயை மூடவில்லை. டாக்டர் வந்து அவன் காலை மடக்கினார். நாற்பது... ஐம்பது...

"வலிக்குது," என்றான் அவன், அவளைப் பார்த்து.